அப்பாவின் காரிலிருந்து இரண்டு கதவுகள்

1

எங்கள் கல்யாணத்தின் இருபத்தைந்தாம் வருடத்துக்கு என் வீட்டுக்காரர் எனக்கு வாங்கிக் கொடுத்தது ஒரு துருப்பிடித்த கார். நான் வைரத்தோடு கேட்கவில்லை என்பது உண்மைதான். கேட்காமல் இருந்தால் இதுதான் வரும் என்று தெரிந்திருந்தால் கேட்டுத் தொலைத்திருப்பேன்.

கார் லாரி மேல் ஏறி வந்தது. கார் லாரியில் வந்தது என்றால் மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. மோரிஸ் மைனர், நாலு கதவு, ஒரு காலத்தில் பச்சை நிறமாக இருந்திருக்க வேண்டும். லாரிக்காரர் இறக்கிவிட்டுப் போனதும் நான் டிரைவர் பக்கக் கதவின் அடியில் விரலை வைத்துப் பார்த்தேன். அப்பளம் நொறுங்குவதுபோல நொறுங்கி விரல் உள்ளே போய்விட்டது. உள்ளே எட்டிப் பார்த்தால் கால் வைக்கிற இடத்தில் எங்கள் வீட்டு வாசல் தெரிந்தது.

அவர் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். "நீ கல்யாணத்துக்கு வந்து இறங்கின கார், அதே மாடல்" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான், வேறு காரணத்துக்கு.

அந்தக் கல்யாணக் கார் சமாச்சாரத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பா சிவகாசியில் அச்சாபீஸ் வைத்திருந்தவர். பட்டாசு லேபிளும் காலண்டரும் அடிக்கிற பிரஸ். அவரிடம் ஒரு கறுப்பு மோரிஸ் மைனர் இருந்தது. ஒரு மில் மேனேஜரிடம் செகண்ட் ஹாண்டில் வாங்கியது. கல்யாணம் விருதுநகரில், மாப்பிள்ளை ஊரில். முகூர்த்தத்துக்கு நான் வேறு எதிலும் போகக்கூடாது, தன் காரில்தான் போக வேண்டும் என்று அப்பா ஒரே பிடிவாதம். திருத்தங்கல் தாண்டவில்லை, வண்டி நின்றுவிட்டது. என் சித்தப்பாமார்கள் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார்கள். கிளம்பியது, மறுபடி நின்றது. பெட்ரோல் நாற்றத்தில் எனக்குத் தலை சுற்றியது. கூறைப்புடவைக்கு முன்னால் கட்டியிருந்த ரோஸ் பட்டில் கிரீஸ் ஒட்டி, அந்தக் கறை இன்றுவரை போகவில்லை. மண்டப வாசலில் வந்து நின்ற அழகை மட்டும்தான் மாப்பிள்ளை பார்த்தார். தள்ளி வந்தவர்களின் வேர்வை எனக்குத்தான் தெரியும். இத்தனை வருடத்தில் இதை நான் அவரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவர் காதில் விழுந்தது கார் என்ற ஒரு சொல் மட்டும்தான்.

2

ஊரிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு இந்த இங்கிலாந்துத் துரு புரியாது. சிவகாசி மழை பெய்யாததை வைத்துப் பிழைத்த ஊர். வெயில் இல்லாவிட்டால் தீப்பெட்டி ஏது, பட்டாசு ஏது, அடித்த லேபிள் எங்கே காயும். அங்கே இரும்பு பழசாகும், கறுக்கும், அவ்வளவுதான். இங்கே மழை விடுமுறை எடுப்பதே இல்லை. போதாக்குறைக்குக் குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்க ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் காருக்கு அடியில் போய்த் தங்கி, வருடக்கணக்காகத் தகரத்தைத் தின்கிறது.

என் வீட்டுக்காரர் தனசேகர் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறவர். ஸ்க்ரூ டிரைவரைத் தலைகீழாகப் பிடிக்கிற ஆள். வீடியோ பார்த்து வெல்டிங் கற்றுக்கொண்டேன் என்றார். எங்கள் வீட்டு கேரேஜில் இருந்த துணி உலர்த்தும் மெஷின் சமையலறைக்கு வந்தது, சமையலறையில் இருந்த கிரைண்டர் படிக்கட்டுக்கு அடியில் போனது. தாளிக்கிற வாசனையோடு இரும்பு கருகுகிற வாசனையும் சேர்ந்து, சாம்பார் ஏதோ லேத் பட்டறையில் வைத்த சாம்பார் மாதிரி ஆகிவிட்டது.

பழைய கார்களுக்குப் புதிதாகத் தகரம் அடித்து விற்கிற கடைகள் இங்கே உண்டு. போனில் கூப்பிட்டால் எடுத்துப் பேசுவார்கள். ஆனால் நம் ஊரில் மட்கார்டு என்றால் இவர்களுக்கு அது விங். ஒருநாள் அவர் போனில், டிக்கிக்கு அடித்தகடு வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அந்தப் பக்கம் பேசிய அம்மாள் வெகு மரியாதையாக, டிக்கி என்று இங்கே யாரும் வேலை பார்க்கவில்லை, வேறு யாரிடமாவது பேசுகிறீர்களா என்று கேட்டிருக்கிறாள். இருபது வருடமாக இந்த நாட்டில் மீட்டிங் நடத்துகிற மனுஷன், போனை வைத்துவிட்டு என்னை முறைத்தார். நானா டிக்கிக்குப் பேர் வைத்தேன்?

தரைத்தகடு வந்தது, பக்கவாட்டுத் தகடு வந்தது. ஆனால் பெட்டியைப் பிரித்து வைத்துப் பார்த்தால் எதுவும் பொருந்தவில்லை. இங்கே ஒரு விரல் இடைவெளி, அங்கே ஒரு மடிப்பு அதிகம். கடைக்காரர்களைக் கேட்டால், அது அப்படித்தான், கொஞ்சம் தட்டிக் கொடுங்கள் என்கிறார்கள். அவர் தட்டினார். தெருவே கேட்கும்படி தட்டினார்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தலைவலி கதவு. நாலு கதவு வண்டிக்கு முழுக் கதவை இப்போது யாரும் செய்வதில்லையாம். வலது பக்கத்துக் கதவு இரண்டும் பாதிக்குக் கீழே மண்ணாகிப் போயிருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கேயாவது ஒரு வயல்வெளியில் பழைய கார் சாமான் சந்தை போடுவார்கள், அதற்குப் போவோம். மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு, சேற்றில் பரப்பி வைத்திருக்கிற துருவை விலை பேசுவதுதான் எங்கள் உல்லாசப் பயணம். ஒருமுறை வேல்ஸ் பக்கத்தில் ஒரு பண்ணைக் கொட்டகையில் நல்ல கதவு இருக்கிறது என்று கேள்விப்பட்டு விடியற்காலையில் கிளம்பிப் போய், சாயங்காலம் திரும்பி வந்தார். கதவு நல்ல கதவுதான். இடது பக்கத்துக் கதவு.

என் மகள் நிலா வேலை கிடைத்து லீட்ஸில் இருக்கிறாள். முன்பெல்லாம் வாராவாரம் வருவாள். பிறகு மாதம் ஒருமுறை ஆனது. இப்போது எப்போது வருவாள் என்று கேட்டால், "கேலண்டர் பார்த்துச் சொல்றேம்மா" என்கிறாள். காலண்டர் அடித்து விற்ற குடும்பத்துப் பிள்ளை இப்படிச் சொல்கிறாள். வந்தபோது அவள் படுக்கிற அறையில் கட்டிலுக்கு அடியில் ஒரு மட்கார்டு இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா என்று என்னிடம் தனியாகக் கேட்டாள்.

3

அப்பாவின் கறுப்புக் கார் இன்னும் இருக்கிறது. சிவகாசிக்குப் பக்கத்தில் விஸ்வநத்தத்தில், தம்பி முருகேசனின் பிரஸ் குடோன் தாழ்வாரத்தில், பேப்பர் லோடு இறக்குகிற இடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. ஓட்டப் போய்விடுவார் என்று பயந்து தம்பி பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டான். அதற்காக அப்பா வண்டியை விட்டுவிடவில்லை. தினம் காலையில் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு, பேப்பரை எடுத்துக்கொண்டு போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொள்வார். கதவைச் சாத்திக்கொள்வார். வெயில் ஏறுகிற வரைக்கும் அங்கேதான். வீட்டில் ஒரு பக்கம் டிவி, ஒரு பக்கம் பேரப்பிள்ளைகள், இன்னொரு பக்கம் மாத்திரை போட்டாச்சா என்று கேட்கிற மருமகள். கதவைச் சாத்திக்கொண்டால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார்.

தம்பி ஒருநாள் அதை வீடியோ எடுத்து அனுப்பினான். நான் அப்பாவைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் கதவைப் பார்த்தார். வீடியோவை நிறுத்தி, விரலால் பெரிதாக்கி, கதவின் அடி விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு பொட்டுத் துரு இல்ல" என்றார். அதற்குப் பிறகு சில நாளைக்கு அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

பிறகு ஒருநாள் தம்பி போன் செய்தான். அத்தான் சொன்ன மாதிரி வலது பக்கத்துக் கதவு இரண்டையும் கழற்றியாகிவிட்டது, அப்பாவே பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டார் என்றான்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏனென்றால் என் வீட்டுக்காரர் என் பிறந்த வீட்டில் எதையும் கேட்கிற ஆளே இல்லை. விருதுநகரில் பருப்பும் எண்ணெயும் மொத்த வியாபாரம் செய்த குடும்பம். கல்யாணத்தின்போது பெண் மட்டும் போதும், சீர் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லி, சொன்னபடியே நடந்துகொண்டவர்கள். அந்தக் கௌரவத்தை இவர் இன்றுவரை இறக்கி வைக்கவில்லை. என் அம்மா இருந்தபோது காராச்சேவு கொடுத்துவிட்டால்கூட, பதிலுக்கு ஒன்றைக் கொடுக்காமல் இவருக்குத் தூக்கம் வராது. எங்கள் வீட்டில் போய் உட்கார்ந்தால் "தாகமா இருக்கு" என்பார். "தண்ணி தாங்க" என்று வாயில் வராது.

அப்படிப்பட்டவர் மாமனாரிடம் கதவு கேட்டாரா? கேட்டீர்களா என்று கேட்டேன். "சொன்னேன்" என்றார், வெல்டிங் முகமூடிக்குள்ளிருந்து.

எனக்கு மனசு இளகிவிட்டது. அப்பா தினம் உட்கார்கிற வண்டி. அதன் கதவைக் கழற்றி மகளுக்குக் கொடுத்திருக்கிறார். அன்றைக்குக் கொடுக்காத சீர் இன்றைக்கு வருகிறது என்று தோன்றியது. ஆஸ்பத்திரியில் நான் வேலை செய்கிற அப்பாயிண்ட்மென்ட் பிரிவில் எல்லோரிடமும் சொன்னேன். பக்கத்து சீட்டு வெள்ளைக்காரப் பெண், அப்படியானால் உன் அப்பா இனிமேல் எப்படி வண்டிக்குள் ஏறுவார் என்று கேட்டாள். முன்னைவிடச் சுலபமாக ஏறுவார் என்றேன். அந்த மாதிரி ஒரு சந்தோஷத்தில் இருந்தேன்.

4

கழற்றிய கதவு உடனே வந்துவிடுமா? தீபாவளி சீசன். பேக்கிங்குக்கு ஆள் கேட்டால், சீசன் முடியட்டும்கா என்றான் தம்பி. சீசன் முடிந்தது, ஆள்கள் ஓய்ந்து படுத்தார்கள். ஒருவழியாகத் தூத்துக்குடியிலிருந்து ஒரு கப்பல் லோடோடு சேர்த்து அனுப்பினான். இங்கே துறைமுகத்தில் இறங்கியதும் எனக்கு ஒரு போன் வந்தது. சுங்க அதிகாரி பேசினார். வெடிபொருள் எதையும் எதிர்பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை, கதவு என்றேன். பெட்டியில் அப்படி எழுதவில்லையே என்றார்.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. தம்பியின் மச்சினனுக்கு எம். புதுப்பட்டியில் பட்டாசு கம்பெனி இருக்கிறது. அங்கிருந்து வந்த காலி அட்டைப்பெட்டிகளைப் பிரித்துத் தைத்துக் கதவுகளுக்குச் சட்டை போட்டிருக்கிறான். எங்கள் பக்கத்தில் வீடு மாற்றுவது, பாத்திரம் கட்டுவது, பிள்ளைகள் புத்தகம் அடுக்குவது எல்லாம் பட்டாசுப் பெட்டியில்தான். அதில் என்ன அச்சடித்திருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. சிதறுகிற நட்சத்திரமும் நெருப்புப் படம் போட்ட ஆரஞ்சுக் கட்டமும் எங்கள் கண்ணுக்குத் தெரியாது. அதை அச்சடித்ததே எங்கள் பிரஸ்தான்.

தம்பியைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். "அட்டை நல்ல கனமான அட்டைக்கா" என்றான். அவன் கவலை அது.

அத்தோடு போகவில்லை. பஞ்சால் கதவைத் துடைத்து, வெடிமருந்து இருக்கிறதா என்று பார்க்கிற மெஷினில் காட்டியிருக்கிறார்கள், மெஷின் கத்தியிருக்கிறது. கத்தாதா? எங்கள் குடோனில் லேபிள் ஏற்ற வருகிற லோடுமேன்கள் கம்பெனியிலிருந்து நேரே வருகிறவர்கள். மருந்துத் தூசி அவர்கள் சட்டையில், கைப்பிடியில், எல்லாவற்றிலும் இருக்கும். எங்கள் ஊர்த் தலையணையைத் துடைத்துக் காட்டினாலும் அந்த மெஷின் கத்தும்.

பிறகு படிவங்கள். பொருள் என்ன: கதவு. எந்த உபயோகத்துக்கு: கதவாக. எந்த நாட்டில் தயாரானது என்று கேட்டிருந்தார்கள். இங்கிலாந்து என்று உண்மையை எழுதினேன், அது பெரிய தப்பாகப் போயிற்று. இங்கே தயாரான பொருள் என்றால் எப்போது வெளியே போனது, யார் அனுப்பினார்கள், ஆதாரம் எங்கே என்று அடுத்த படிவம் வந்தது. நான் பிறப்பதற்கு முன்னால் கப்பல் ஏறிய கதவுக்கு நான் எங்கே போய் ஆதாரம் தேடுவது? என் பாஸ்போர்ட்டுக்குக்கூட இவ்வளவு கேட்கவில்லை.

கடைசியில் ஒரு மெயில். உரிமையாளர் சம்மதித்தால் பொருளை அழித்துவிடலாம், கீழே உள்ள கட்டத்தில் டிக் செய்யவும். என் வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு, "விட்டுடலாம் ராஜி" என்றார். அவருக்குப் பயம். நம் நிறத்தில் ஒரு ஆள், வெடிமருந்து என்ற சொல், வாசலில் போலீஸ் வண்டி என்று கற்பனை எங்கேயோ போய்விட்டது. பயம் எனக்கும் இருந்தது. ஆனால் அந்தக் கட்டத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அப்பா தன் வண்டியிலிருந்து கழற்றிக் கொடுத்ததை இவர்கள் நசுக்குவார்கள், அதற்கு நான் டிக் செய்ய வேண்டுமா?

லீவு போட்டுவிட்டு ரயில் ஏறித் துறைமுகத்துக்குப் போனேன். ஒரு பெரிய கொட்டகையில் என் முன்னால் வைத்துப் பெட்டியைப் பிரித்தார்கள். அட்டைக்குள் கதவைச் சுற்றிலும் காலண்டர் வேஸ்ட் பேப்பர். குழந்தைப் படம் போட்ட காலண்டர், கலர் விலகி அச்சாகிக் கழித்துப் போட்டது. ஒவ்வொரு குழந்தைக்கும் நாலு கண். அங்கே இருந்த சுங்க அதிகாரியம்மாள் ஒரு தாளை எடுத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு, இந்தப் பழைய கதவுக்கு ஏன் இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கேட்டாள். நாள் முழுக்க போனில் இங்கிலீஷ் பேசிச் சம்பாதிக்கிறவள் நான். அன்றைக்கு வார்த்தை வரவில்லை. என் அப்பா எனக்காகக் கழற்றியது என்று மட்டும் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவள் எங்கேயோ போய்ப் பேசிவிட்டு வந்து, கழுவிச் சுத்தம் செய்து, மறுபடி சோதித்து அனுப்புகிறோம் என்றாள்.

5

கதவுகள் வந்தன, பொருந்தின. கடையில் வாங்கிய புதுத் தகடெல்லாம் முரண்டு பிடித்த அந்த வண்டியில், அப்பாவின் கதவு இரண்டும் போய் உட்கார்ந்து, டக் என்று ஒரே சத்தத்தில் சாத்திக்கொண்டன. அவர் பத்துத் தடவை திறந்து சாத்திவிட்டார். நானும் இரண்டு தடவை சாத்தினேன். கல்யாண நாள் எப்போதோ முடிந்து போயிருந்தது. பரவாயில்லை என்று தோன்றியது. வண்டி முழுக்கப் பச்சைப் பெயிண்ட் அடித்தார். நிலாவும் வந்திருந்தாள். அவள்தான் தாத்தாவுக்கு வீடியோ போட்டுக் காட்டலாம் என்றாள்.

அவள் தமிழில் உயிருள்ளதும் இல்லாததும் ஒன்று. மரியாதை தெரிந்த பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். "தாத்தா, உங்க கதவு வந்துட்டாங்க, பாருங்க" என்று போனைக் கதவுப் பக்கம் திருப்பினாள்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது என்று நினைத்தேன்.

"பச்சை அடிச்சிருக்கே" என்றார்.

நல்லா இருக்கா என்று நிலா கேட்டாள். அப்பா அவளுக்குப் பதில் சொல்லாமல் என்னைத் தேடினார். "ஏம் பாப்பா, சாம்பிள்ல யாராச்சும் பெயிண்டு அடிப்பாகளா?"

எனக்குப் புரியவில்லை. என்ன சாம்பிள் என்றேன்.

"மாப்ள சாம்பிளுக்குன்னுதான கேட்டாக. இதைப் பாத்து அங்கன கதவு பண்ணிட்டுத் திருப்பித் தாரேன்னாக. வேலை முடிஞ்சுச்சுன்னா அனுப்பிவிடுங்க. இங்கன மழைத் தூத்தல் வேற ஆரம்பிச்சிருச்சு."

தம்பி அந்தப் பக்கத்தில் போனை வாங்கிக் கறுப்புக் காரைக் காட்டினான். வலது பக்கம் முழுக்கத் திறந்து கிடந்தது. கதவு இருந்த இடத்தில் ஏதோ பட்டாசுக் கடை திறப்பு விழா பிளெக்ஸ் பேனரைக் கயிறு போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். ராத்திரியில் நாய் போய் உள்ளே படுத்துக்கொள்கிறது, சீட்டெல்லாம் முடி என்றான். காற்றடித்தால் பேப்பர் பறக்கிறது, ஆனாலும் அப்பா தினம் போய் உட்கார்கிறார் என்றான். கதவுக்குப் பதில் பேனரை இழுத்து மூடிக்கொள்கிறாராம்.

சிவகாசியில் சாம்பிள் என்றால் என்ன என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். ஆர்டர் தருகிற பார்ட்டி ஒரு லேபிளைக் கொண்டு வருவார், ஒரு அட்டையைக் கொண்டு வருவார், இதே மாதிரி வேண்டும் என்பார். பிரஸ்காரர் அதைப் பார்த்து அடிப்பார். ஆர்டர் முடிந்ததும் சரக்குக்கு மேலே அந்தச் சாம்பிளை வைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதில் பேனாக் கோடு விழக்கூடாது, மடிப்பு விழக்கூடாது. அப்பா ஒருமுறை ஒற்றை லேபிளைத் திருப்பிக் கொடுப்பதற்காக, மறந்துவிட்டுப் போன பார்ட்டியைத் தேடி ரயிலேறி விஜயவாடா போனவர். அவருக்கு அது வெறும் தொழில் இல்லை, நாணயம்.

6

நிலா போனை வைத்துவிட்டு மெதுவாக மாடிக்குப் போய்விட்டாள். நான் கேரேஜிலேயே அவரைப் பிடித்தேன்.

எடுத்த எடுப்பில் ஒத்துக்கொண்டார். கேட்பதற்கு ஒரு மாதிரியாக இருந்ததாம். மாமனார் வீட்டில் போய், உங்கள் வண்டியிலிருந்து கதவைக் கழற்றித் தாருங்கள் என்று எப்படி வாயைத் திறந்து கேட்பது? அதனால் சாம்பிளுக்கு என்று சொன்னாராம். அது சும்மா ஒரு பேச்சுக்குத்தானாம். கொடுக்கிறவருக்கும் கௌரவம், வாங்குகிறவருக்கும் கௌரவம். கொடுத்த பிறகு யாராவது திருப்பிக் கேட்பார்களா, மாமாவுக்கே அது புரிந்திருக்கும் என்று நினைத்தாராம்.

"எங்கப்பா யாரு? பிரஸ்காரரு. அவர்கிட்டப் போய்ச் சாம்பிள்னு சொன்னீங்களே" என்றேன். வேறு எந்தப் பொய்யைச் சொல்லியிருந்தாலும் தப்பித்திருக்கலாம். வரதட்சணை என்று சொல்லி வாங்கியிருந்தால்கூட இவ்வளவு அசிங்கமில்லை.

கோபம் இவர் மேல் மட்டும் இல்லை. அப்பா எனக்காகக் கழற்றிக் கொடுத்தார் என்று ஆபீஸ் முழுக்கச் சொன்னேன், துறைமுகத்தில் முன்பின் தெரியாத ஒரு அதிகாரி முன்னால் நின்று அழுதேன். அப்பா கொடுக்கவே இல்லை. இரவல் தந்திருக்கிறார். சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் அப்பாவுக்கு நானே பேசினேன். அது சாம்பிளுக்கு இல்லை, அவருக்கே வேண்டும் என்றுதான் கேட்டார் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். எடுத்துக்கொள் என்று சொல்வார், பிரச்சினை தீரும் என்று ஒரு ஆசை.

"கேக்கலையே" என்றார் அப்பா. "கேட்டிருந்தா குடுத்திருப்பேன், இல்ல முடியாதுன்னு சொல்லியிருப்பேன். கேக்காதவுகளுக்கு நான் என்னத்தச் சொல்ல, பாப்பா?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வது மாதிரி சொன்னார். சரி, போய் வேலையைப் பார் என்று போனை வைத்துவிட்டார், பேனருக்குள் பேப்பர் படிக்க.

7

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. சனிக்கிழமை காலையில் நான் இட்லி ஊற்றிக்கொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரர் சமையலறைக்கு வந்து, உன் அப்பாவுக்குப் போன் போடு என்றார். உங்களிடம்தான் நம்பர் இருக்கிறதே என்றேன். அவரே போட்டார்.

இவர் என் அப்பாவோடு பேசுகிற முறை எனக்கு மனப்பாடம். நல்லா இருக்கீகளா மாமா, உடம்பைப் பாத்துக்கோங்க மாமா, இந்தா ராஜிட்ட குடுக்குறேன். இத்தனை வருடமாக இந்த மூன்று வாக்கியம்தான். அந்த மூன்றாவது வாக்கியத்துக்காக நான் கையைக்கூடத் துடைத்துக்கொண்டேன்.

"மாமா, அது சாம்பிளுக்கு இல்ல" என்றார். "அந்தக் கதவு ரெண்டும் எனக்கு வேணும். குடுப்பீகளா?"

ஸ்பீக்கரில் போட்டிருந்தார். அந்தப் பக்கம் பிரஸ் ஓடுகிற சத்தம் கேட்டது. எனக்கு அடுப்பைத் திருப்பி அணைக்கக்கூடத் தோன்றவில்லை.

"கேட்டதுக்குச் சந்தோசம் மாப்ளே" என்றார் அப்பா. "ஆனா குடுக்க முடியாது. தெனம் உக்காருறேன். எனக்கு அந்தக் கதவு வேணும்."

என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். இருபத்தைந்து வருடமாக இந்த மனுஷன் பயந்து ஓடியது இந்த ஒரு வார்த்தைக்குத்தான். மாமனார் வாயால் முடியாது என்று கேட்டுவிடக்கூடாது என்பதற்காகத்தான் தண்ணீர்கூடக் கேட்காமல் இருந்தார். இப்போது கேட்டாயிற்று, சொல்லியும் ஆயிற்று. அவர் மெதுவாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். காதுவரைக்கும் சிவந்திருந்தது. பிறகு, "சரி மாமா. கழட்டி, கறுப்பு அடிச்சு நானே கொண்டாந்து மாட்டித் தாரேன்" என்றார்.

கறுப்பு என்றால் எந்தக் கறுப்பு என்று அப்பா கேட்டார். இவர் சொன்னார். அது வேண்டாம், பளபளப்பு அதிகம் என்றார் அப்பா. அப்புறம் உங்கள் வண்டிக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டார். தெரியவில்லை மாமா என்றார் இவர். கீழ்ப்பாகம் மட்டும்தானே அரித்திருக்கிறது, இடுப்பளவுக்கு வெட்டியெடுத்துவிட்டுப் புதுத் தகரம் வைத்துப் பார்த்தீர்களா என்று அப்பா கேட்டார். வைக்கலாம், ஆனால் மடிப்பு வரமாட்டேன் என்கிறது என்றார் இவர். வராமல் என்ன என்று அப்பா ஆரம்பித்தார். இட்லி ஆறிப்போயிற்று. நான் இரண்டு தடவை கையை நீட்டினேன், இவர் போனைத் தரவில்லை.

அன்றையிலிருந்து தினம் காலையில் இவருக்குத்தான் போன் வருகிறது. கதவு இல்லாத வண்டியில் உட்கார்ந்து அப்பா பேசுகிறார், கதவு இல்லாத வண்டிக்குப் பக்கத்தில் நின்று இவர் பேசுகிறார். சண்டைகூடப் போட்டுக்கொள்கிறார்கள். முடியாது மாமா என்று இவர் சொல்வதும், சும்மா இருங்க மாப்ளே என்று அவர் அதட்டுவதும் மாடிவரைக்கும் கேட்கிறது. என் அப்பாவிடம் ஒரு வார்த்தை நான் பேச வேண்டுமென்றால், இவரிடம் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது.